ஏழாண்டும் ஏழாம் நாளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட அச்சு வடிவம்)



குடும்பமும் சட்டமும் என்ற வட்டத்துக்குள் எதைப் பற்றியும் பேசலாம் என்று உரிமை கொடுத்தார்கள். மணவிலக்கு, ஜீவனாம்சம், பெண்ணுக்குச் சொத்துரிமை ஆகியவை பற்றி இந்த மேடையில் முன்பே நன்றாகப் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. கணவனோ மனைவியோ ஒருநாள் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, காரணமும் தெரியாமல், இருக்கும் இடமும் தெரியாமல் போய்விட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகிறது?

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்ற கேள்விக்கு விடை வரும்வரை நம் சட்டம் குடும்பத்தை அப்படியே நிறுத்திவைக்கிறது. ஊரும் அப்படித்தான் செய்கிறது. குடும்பத்தின் கேள்வியோ வேறு: நாளைக்கு யார் கையெழுத்துப் போடுவது, யார் பெயரில் பணம் எடுப்பது? முதல் கேள்விக்காக ஏழாண்டு காத்திருக்கலாம். இரண்டாவது கேள்வி ஏழாம் நாளே வாசலில் வந்து நிற்கும். இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். விடை தெரியாத நிலையிலேயே குடும்பம் நடத்துவதற்குச் சட்டம் வழிசெய்ய வேண்டும். இதை ஆறு குறிப்புகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. இந்த நிலை நமக்குப் புதிதல்ல

ஆதிமந்தியின் கதை உங்களுக்குத் தெரியும். அவள் கணவன் ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோயிற்று. அவள் ஊர் ஊராகத் தேடி அலைந்தாள். சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்ப அவளை நினைக்கிறார்கள். வெள்ளிவீதியார் தம் துயரைச் சொல்ல ஆதிமந்தியை உவமை காட்டுகிறார். அந்த வெள்ளிவீதியாரையே ஔவையார் இன்னொரு பாட்டில் உவமையாக்குகிறார். தேடி அலையும் பெண்களின் வரிசை ஒன்று நம் இலக்கியத்தில் இருக்கிறது.

ஆனால் என் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவள் மணிமேகலையில் வரும் ஆதிரை. அவள் கணவன் சாதுவன் கணிகை வீட்டிலும் சூதிலும் பொருளைத் தொலைத்துவிட்டு வாணிகரோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. தப்பி வந்தவர்கள், சாதுவனும் செத்தான் என்று ஊரில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை நம்பி ஆதிரை ஈமத்தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. உன் கணவன் நாகர் நாட்டில் உயிரோடு இருக்கிறான் என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பின்னர் சந்திரதத்தன் என்ற வணிகனின் கப்பலில் சாதுவன் திரும்பியும் வருகிறான்.

கற்பின் பெருமை சொல்லும் கதையாக இதை வகுப்பில் நடத்துகிறோம். நான் இதைச் சாட்சியத்தைப் பற்றிய கதையாகவும் படிக்கிறேன். நாலு பேர் சொன்ன அரைகுறைச் செய்தியில் ஒருவன் இறந்தவனாகிறான். அந்தச் செய்தி ஒரு பெண்ணைத் தீ வரைக்கும் கொண்டுபோகிறது. இன்றைய ஆதிரைகளுக்கு அசரீரி இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது, ஆளைக் கண்டறிய இயலவில்லை என்று காவல் நிலையம் தரும் ஒரு தாள்தான். அதற்கும் நடையாய் நடக்க வேண்டும்.

உளவியலும் இதைக் கவனித்திருக்கிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார். ஆள் வீட்டில் இல்லை, ஆனால் எல்லார் மனத்திலும் இருக்கிறார். இந்த நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். 1999இல் அதே தலைப்பில் புத்தகமும் எழுதினார். அவர் சொல்வதன் சாரம் இது: சாவு வீட்டுக்குச் சடங்கு உண்டு, ஆறுதல் சொல்ல வருவோர் உண்டு, ஒரு முடிவும் உண்டு. இந்த வீட்டுக்கு மூன்றும் இல்லை. துக்கம் ஆறாமல் இருப்பது அந்தப் பெண்ணின் மனப்பலவீனத்தால் அல்ல, அவள் மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமையால்.

2. ஏழாண்டு என்ற கணக்கு

ஏழாண்டு காணாவிட்டால் இறந்தவராகக் கருதலாம் என்பது பலருக்கும் தெரிந்த விதி. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் அதே விதி 111ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியது, ஏழு மாறவில்லை.

இந்த ஏழு இங்கிலாந்திலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருதார மணத்தைக் குற்றமாக்கிய சட்டம், ஏழாண்டு காணாமல் போனவரின் துணைக்கு விலக்குக் கொடுத்தது. 1666இல் குத்தகை நிலங்கள் தொடர்பான இன்னொரு சட்டமும் அதே ஏழாண்டைப் பிடித்துக்கொண்டது. கடல் கடந்து போனவனின் கடிதம் வந்துசேரவே ஓராண்டு ஆகக்கூடிய காலம் அது. கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள காலத்திலும் நாம் அந்தப் பாய்மரக் கப்பலின் கணக்கைத்தான் வைத்திருக்கிறோம்.

நம் தர்ம சாஸ்திர மரபில் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து கருமாதி நடத்தும் வழக்கம் இருந்தது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பராசர ஸ்மிருதியில் பெண் மறுமணம் செய்துகொள்ளத் தக்க ஐந்து இடர்களைச் சொல்லும் சுலோகம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுதான் ஈசுவர சந்திர வித்யாசாகர் கைம்பெண் மறுமணத்துக்காக வாதாடினார். 1856இல் சட்டமும் வந்தது. அந்த ஐந்தில் முதலாவது, கணவன் காணாமல் போவது. இறப்பு அதற்கு அடுத்ததுதான். கைம்பெண்ணுக்கு 1856இல் வழி பிறந்தது. பட்டியலில் முதலில் நின்றவளுக்குப் பிறக்கவில்லை.

3. உண்மையைச் சொல்பவளுக்கு மனுப் படிவம் இல்லை

கணவன் காணாமல் போன பெண்ணுக்கு இந்து திருமணச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏழாண்டாக உயிரோடு இருப்பதாகக் கேள்விப்படவில்லை என்று மணவிலக்குக் கேட்பது. மற்றொன்று, இரண்டாண்டுக்கு மேல் கைவிட்டுப் போய்விட்டார் என்று கேட்பது. இரண்டாவதில் காலம் குறைவு என்பதால் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுத்து, எதிர்மனுதாரர் வரவில்லை என்று ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடலாம்.

ஆனால் அந்த மனுவில் அவள் என்ன சொல்லியாக வேண்டும் என்று பாருங்கள். அவர் வேண்டுமென்றே என்னை விட்டுவிட்டுப் போனார் என்று கணவர்மேல் குற்றம் சாட்ட வேண்டும். அவர் விபத்தில் செத்திருக்கலாம். நினைவு தவறி எங்காவது திரியலாம். அவளுக்குத் தெரியாது. ஏழாண்டு வழியில் போனால் இறந்ததுபோல ஆக்க வேண்டும். இரண்டாண்டு வழியில் போனால் துரோகியாக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை ஐயா என்ற ஒரே உண்மையான பதிலை வைத்துக்கொண்டு அவள் எந்த நீதிமன்றப் படியும் ஏற முடியாது.

இந்த உண்மைக்குக் கொஞ்சம் இடம் கொடுத்த சட்டம் ஒன்று இருக்கிறது. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் இருப்பிடம் நான்காண்டு தெரியாவிட்டால் மனைவி மணமுறிவு கேட்கலாம் என்கிறது. தீர்ப்பு உடனே செயலுக்கு வராது. ஆறு மாதம் பொறுக்கும். அதற்குள் கணவன் வந்து, இல்லறக் கடமையைச் செய்யத் தயார் என்று நீதிமன்றத்துக்கு மெய்ப்பித்தால் தீர்ப்பு நீக்கப்படும். திரும்பி வரக்கூடும் என்பதையும், காத்திருப்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைத்த சட்டம் அது.

4. காகிதத்தில் நிற்கும் குடும்பம்

ஈரோட்டுப் பக்கம் ஒரு விசைத்தறிக் குடும்பத்தை எனக்குத் தெரியும். பாவு நூல் வாங்கிவரப் போன கணவர் திரும்பவில்லை. அவருடைய மொபெட் பேருந்து நிலையத்து வண்டி ஸ்டாண்டில் நின்றது. மனைவி போய்க் கேட்டார். டோக்கன் இல்லை, ஆர்.சி. புத்தகம் கணவர் பெயரில். “அவரையே வரச் சொல்லுங்க” என்றார் ஸ்டாண்டுக்காரர். அவர் வந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று அந்த அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான், அதுவரைக்குமான வாடகையையும் வாங்கிக்கொண்டு வண்டியை விட்டார்கள். ஸ்டாண்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். வங்கியும் தாலுகா அலுவலகமும் அதே பதிலைத்தான் இன்னும் மரியாதையாகச் சொல்கின்றன.

வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் இருந்தாலும் அது இறப்புக்குப் பிறகுதான் உதவும். வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கு, உடல் இல்லாதபோது, உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குப் போட வேண்டும். அதற்கு ஏழாண்டு ஆக வேண்டும். கைம்பெண் ஓய்வூதியத்துக்கும் இறப்புச் சான்று வேண்டும். கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் ஐந்தாண்டுப் பிரிவையோ நீதிமன்றச் சான்றையோ கேட்கிறது. கடன் மட்டும் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. வாரத் தவணை வாங்க வருகிறவர் அடுத்த வாரமும் வருவார்.

ஆயுள் காப்பீட்டில் இது உச்சம். 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: ஏழாண்டுக்குப் பிறகு இறந்தவர் என்று அனுமானிக்கலாம், காணாமல் போன நாளிலேயே இறந்தார் என்று அனுமானிக்க முடியாது. ஆகவே இடைப்பட்ட காலத்துக்குப் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி காலாவதி. சட்ட நூலின்படி இந்தத் தீர்ப்பில் பிழை காண்பது கடினம். வீட்டில் சம்பாதித்தவர் போன பிறகு, அவர் உயிருக்கான பிரீமியத்தை யார் கட்டுவது என்று யோசித்தால்தான் அதன் கடுமை தெரியும்.

வழியே இல்லை என்றும் சொல்லக்கூடாது. மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால், காவல் நிலையத்தில் வழக்குப் பதிந்து ஆறு மாதம் கழித்து, கண்டறிய இயலவில்லை என்ற அறிக்கையும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்துக் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். ஊழியர் திரும்பி வந்தால் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பத்திரத்தின் பொருள். ரிசர்வ் வங்கியும் 2008இல், வங்கிகள் ஒரு வரம்பை வகுத்துக்கொண்டு, அதற்கு உட்பட்ட சிறு தொகைகளை இதே மாதிரி ஆவணங்களின் பேரில் தரலாம் என்று அறிவுறுத்தியது. அரசு ஊழியரின் மனைவிக்கு ஆறு மாதம். தறிக்கூலியின் மனைவிக்கு ஏழாண்டு. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்ல யாராலும் முடியாது.

5. ஊரின் தீர்ப்பும் பிள்ளைகளின் பாடும்

சட்டம் தாமதிக்கும் இடத்தில் ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கடன் தொல்லையா, வேறு பெண்ணா, இவள் வாய் சும்மா இருக்கவில்லையா என்று விசாரணை மனைவியிடமே தொடங்கும். பூவும் பொட்டும் வைத்தால், புருஷன் போன கவலையே இல்லை பார் என்பார்கள். வைக்காவிட்டால், உயிரோடு இருப்பவனுக்கு அபசகுனம் பண்ணுகிறாள் என்பார்கள். வளைகாப்புக்கு அழைப்பார்கள், ஆரத்தித் தட்டை மட்டும் வேறு கைக்கு மாற்றிவிடுவார்கள்.

நான் சொன்ன குடும்பத்தில் சில ஆண்டு கழித்து மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் அச்சகத்துக்காரர், “அப்பா பேருக்கு முன்னாடி என்னங்க போடட்டும்?” என்று கேட்டிருக்கிறார். திரு என்பதா, தெய்வத்திரு என்பதா? பெரியப்பா, தெய்வத்திரு போட்டுவிடலாம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஆயிரம் கேட்பார்கள் என்றார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முன்னொட்டு எதுவும் இல்லாமல் வெறும் பெயரை அச்சிட்டார்கள். தாரை வார்த்துக் கொடுத்தது தாய்மாமன். கணவரின் கைப்பேசி எண்ணுக்கு அந்த அம்மா இன்னமும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். எண் வேறு யாருக்காவது போய்விட்டால், அவர் கூப்பிட நினைக்கும் நாளில் என்ன செய்வது என்பது அவர் கணக்கு.

பிள்ளைகள் கதை தனி. மூத்த மகன் படிப்பை விட்டுத் தறிக்குப் போகிறான். பதினைந்து வயதில் குடும்பத் தலைவன். அப்பா எங்கே என்று பள்ளியில் கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். அப்பா செத்துவிட்டார் என்றால் அவரைத் தாங்களே கொன்றதுபோல ஒரு குற்ற உணர்ச்சி. ஓடிவிட்டார் என்றால் தங்களை வேண்டாமென்று போனதாக ஒரு தாழ்வு. பெரியவர்கள் வீட்டில் இதைப் பேசுவதே இல்லை என்பதால் இரண்டையும் அவர்கள் தனியே சுமக்கிறார்கள்.

இங்கே ஓர் ஆறுதலான தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தைக்குப் பிறகே தாய் காப்பாளர் என்ற சட்ட வாசகத்தை, தந்தை இறந்த பிறகு என்று மட்டும் படிக்க வேண்டியதில்லை, அவர் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. பிள்ளை விஷயத்தில் இறப்புக்குக் காத்திராமல் இன்மையையே போதுமானதாக ஏற்ற நீதிமன்றத்தின் வழியை, வங்கிப் புத்தகத்துக்கும் நீட்டலாம்.

6. மனைவி காணாமல் போனால்

இதுவரை கணவர் காணாமல் போவதையே பேசினேன். மனைவி காணாமல் போகும்போது கதை வேறு மாதிரி நடக்கிறது. ஓடிப்போய்விட்டாள் என்ற ஒரு சொல்லில் ஊர் கோப்பை மூடிவிடும். மானம் போய்விடும் என்று கணவரும் பிறந்த வீடும் புகார் கொடுக்கவே தயங்குவார்கள். தேடுவதற்கு உகந்த முதல் நாட்கள் வீணாகும். புகார் கொடுத்தாலோ முதல் சந்தேகம் கணவர்மேல். அடுப்படி மூத்த மகளிடம் போய்ச் சேரும்.

உண்மையில் எத்தனையோ பேர் நோயினால் வீட்டைவிட்டுப் போனவர்கள். 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பானியன் அமைப்பு, மனநோயோடு தெருவில் அலைந்த பெண்களுக்குச் சிகிச்சை தந்து குடும்பத்தோடு சேர்த்துவைத்துவருகிறது. மராட்டியத்தில் இதே பணியைச் செய்யும் மருத்துவர் பரத் வாட்வானிக்கு 2018இல் மகசேசே விருது கிடைத்தது. மொழி தெரியாத மாநிலத்தில் திரிந்தவர்கள் பல ஆண்டு கழித்து ஊர் பெயரைச் சொல்லி வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே காணாமல் போனவரை இறந்தவராக அவசரப்பட்டு அறிவிக்கவும் நான் சொல்ல மாட்டேன். திரும்பி வருகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். காத்திருப்பவருக்கு அதற்குள் கஞ்சி வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெரும் பேரிடர் வந்தால் அரசு விதியைத் தளர்த்தத் தயங்குவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2017இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் கடலிலேயே காணாமல் போனபோதும், அந்தக் குடும்பங்களை ஏழாண்டு காத்திருக்கச் சொல்லவில்லை. விசாரணையின் பேரில் நிவாரணம் தந்தார்கள். நூறு பேர் சேர்ந்து காணாமல் போனால் கிடைக்கும் இரக்கம், ஒருவர் தனியே காணாமல் போனால் கிடைப்பதில்லை.

பிற நாடுகளில் முன்மாதிரி இருக்கிறது. இலங்கையில் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்தன. இறந்தார் என்று கையெழுத்திட்டால் தேடும் உரிமையும் நீதி கேட்கும் உரிமையும் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். 2016இல் அங்கே, இறந்தார் என்று சொல்லாமல், இவர் காணாமல் போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்குச் சட்டம் செய்தார்கள். அரசு செய்த குற்றமும் தறிக்கூலி காணாமல் போனதும் ஒன்றல்ல. அந்தச் சட்டத்தால் அக்குடும்பங்களின் கேள்வி தீர்ந்துவிடவும் இல்லை; 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆனாலும் இப்படி ஒரு சான்றிதழ் சாத்தியம் என்பதை அது காட்டிவிட்டது. இங்கிலாந்தில், ஏழாண்டு விதி பிறந்த நாட்டிலேயே, 2017இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒருவர் காணாமல் போய்த் தொண்ணூறு நாள் ஆனால் அவர் சொத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்கலாம். கொடுத்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், வாங்கிய நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: வழக்குப் பதிந்து ஆறு மாதத்தில் ஆள் கிடைக்காவிட்டால், காணாமல் போனதை உறுதிசெய்யும் சான்றிதழை வருவாய்த் துறை வழங்க வேண்டும், அரசு ஊழியர் குடும்பத்துக்கு உள்ள கால அளவு எல்லாருக்கும் பொதுவாக வேண்டும். இரண்டு: அந்தச் சான்றிதழின் பேரில் கணக்கு வழக்கைப் பார்க்கவும், ஓய்வூதியம் பெறவும், கடன் தவணைக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் அவகாசம் பெறவும் துணைக்கு உரிமை வேண்டும்; சொத்தை விற்க மட்டும் நீதிமன்ற அனுமதி இருக்கட்டும். மூன்று: மணவிலக்குக் கேட்பவர், துணை இறந்தார் என்றோ கைவிட்டார் என்றோ சொல்லாமல், தெரியாது என்றே சொல்லி மனுச் செய்ய வழி வேண்டும். காத்திருக்க விரும்புகிறவர் காத்திருக்கட்டும். காத்திருப்பு தண்டனையாகிவிடக் கூடாது.

இந்த அரங்கில் சட்ட மாணவர்கள் இருக்கிறீர்கள். நாளை வட்டாட்சியராகவும் வங்கி மேலாளராகவும் உட்காரப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் திருந்த நாளாகலாம். அதுவரை, கணவரைக் காணவில்லை என்று ஒரு பெண் உங்கள் மேசைக்கு முன் வந்து நின்றால், அவரையே வரச் சொல்லுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உட்காரச் சொல்லி, இருக்கும் விதிகளுக்குள் அவருக்கு எது கிடைக்கும் என்று தேடிப் பாருங்கள்.